டெல்லிக்கு நகராட்சி ஆணையர் நேரடியாக எழுதலாமா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் நகராட்சி ஆணையராக இருக்கிறேன். 15-வது நிதிக்குழு (ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒன்றிய வரி வருவாயைப் பங்கிடப் பரிந்துரைக்கும் குழு) மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஊரில் குடிநீர்ப் பணி அம்ருத் என்ற ஒன்றிய நகர்ப்புறத் திட்டத்தில் நடக்கிறது. குப்பைக்குத் தூய்மை இந்தியா திட்டப் பணம் வருகிறது. அதனால் மானியத்தில் ஒரு பகுதி கணக்கிலேயே கிடந்தது. அதே சமயம் விரிவாக்கப் பகுதித் தெருக்களுக்கு ரோடு போடப் பணமில்லை. மண்டல அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. டெல்லி அமைச்சகத்துக்கே நேரடியாக எழுதிவிடலாமா? நடத்தை விதிகளில் சிக்குமா? எங்கள் நகர்மன்றத் தலைவர், "எம்.பி.கிட்ட சொல்லி பார்லிமென்ட்ல பேச வைக்கிறேன்" என்கிறார். அதில் நான் சேரலாமா? நான் அனுப்பிய கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத ஆணையர்

பதில்:

அன்புள்ள ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

நேரடியாக எழுத வேண்டாம். விதிக்குப் பயந்து சொல்லவில்லை, எழுதினால் அந்தக் கடிதம் எங்கே போகும் என்று தெரிந்ததால் சொல்கிறேன். உள்ளாட்சி என்பது அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 5-வது இனம். அமைச்சகத்தில் உங்கள் உறையைப் பிரிக்கும் அலுவலர் அதன்மேல் தானாக எந்த முடிவும் எடுக்க முடியாது. "தக்க நடவடிக்கைக்காக" என்று ஒரு வரி எழுதி நம் நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளருக்கு அனுப்பிவிடுவார். தலைமைச் செயலகத்திலிருந்து நகராட்சி நிர்வாக இயக்குநர் அலுவலகம், அங்கிருந்து மண்டலம் என்று இறங்கி, கடைசியில் அது உங்கள் மேசைக்கே வந்து சேரும். "உரிய வழியாக அனுப்பாததன் காரணத்தை விளக்குக" என்ற குறிப்பாணையும் கூடவே வரும். ரோடு மட்டும் வராது.

விதியைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 தடுப்பது அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதையும், சொந்தக் காரியத்துக்கு வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதையும்தான். உங்கள் நகராட்சியின் நிலைமையைக் கணக்கோடு மேலதிகாரிக்கு எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. இந்த வித்தியாசம் பிடிபடாமல் நம்மில் சிலர் வாட்ஸ்அப் குழுவில் பொங்குகிறார்கள், சிலர் ஓய்வு பெறும் நாள் வரை வாயே திறப்பதில்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கையைக் கட்டியிருப்பது யார் என்று முதலில் பாருங்கள். நிதிக்குழு அறிக்கையில் உள்ளாட்சி பற்றிய அத்தியாயம், அதன்மேல் ஒன்றிய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட செயல்பாட்டு வழிகாட்டுதல், நம் அரசின் அரசாணை, இயக்குநரின் சுற்றறிக்கை. இந்த நான்கையும் வரிசையாக வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களைத் தடுக்கும் வாசகம் எந்தத் தாளில் முதன்முதலாக வருகிறது என்று பென்சிலால் குறியுங்கள். 60 சதவீதம் என்பது டெல்லியில் போட்ட நிபந்தனைதான், சந்தேகமில்லை. அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும். நிபந்தனை மானியம் என்பது இதைத்தான். ஆனால் "இந்தப் பணியை எடுக்கக் கூடாது", "இந்த மதிப்பீட்டுக்கு மேல் போகக் கூடாது", "இந்தப் பாக்கியை முதலில் கழித்துக்கொள்" என்பவையெல்லாம் பல சமயம் வழியில் சேர்ந்தவை. இயக்குநர் அலுவலகத்தில் நிதிக்குழுப் பிரிவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டெல்லியைத் திட்டி வரும் கோப்புகளில் கணிசமானவை சென்னையிலேயே தீர்க்கக்கூடியவை.

உங்கள் கடித நகலைப் படித்தேன். முக்கியமான வரி இது: "ஒன்றிய அரசின் நிபந்தனைகள் கள நிலவரத்துக்குப் பொருந்தாதவையாக உள்ளதால் அவற்றைத் தளர்த்த ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்." கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை வைத்துக்கொண்டு மண்டல இயக்குநர் எதுவும் செய்ய முடியாது. எந்த நிபந்தனை, எவ்வளவு பணம், எந்தத் தேதியிலிருந்து, தளர்த்தினால் என்ன நடக்கும் என்று எதுவுமே இல்லை. அவர் இதை மேலே அனுப்பினால் மேலே இருப்பவர் இதே கேள்விகளைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார். அதனால்தான் அது அங்கேயே நிற்கிறது. யாரும் உங்கள்மேல் பகை கொண்டு நிறுத்தி வைக்கவில்லை.

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"இந்நகராட்சிக்கு … ஆம் ஆண்டில் வரப்பெற்ற நிபந்தனை மானியம் ரூ. … லட்சம். குடிநீர் இனத்தில் எடுக்கத்தக்க பணிகள் அனைத்தும் அம்ருத் 2.0 திட்டத்தில் ஏற்கெனவே எடுக்கப்பட்டுள்ளன (இணைப்பு 1). ஆகவே ரூ. … லட்சம் … தேதி முதல் செலவிடப்படாமல் உள்ளது. இதே நிலை இம்மண்டலத்தில் …, …, … நகராட்சிகளிலும் உள்ளது (இணைப்பு 2). இத்தொகையை … பணிக்குப் பயன்படுத்த அனுமதித்தால் … குடியிருப்புகள் பயன்பெறும். வழிகாட்டுதலின் … பத்தியில் இதற்கேற்ற திருத்தம் கோரி ஒன்றிய அரசுக்கு எழுதப் பரிந்துரைக்கலாம்."

இதில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அடுத்த நிலையில் இருப்பவர் அப்படியே எடுத்துத் தன் கடிதத்தில் போட்டுக்கொள்ளலாம். அரசு அலுவலகத்தில் ஒரு கருத்து மேலே ஏறுவதற்கு எனக்குத் தெரிந்த பெரிய ரகசியம் இதுதான்: மேலதிகாரி புதிதாக எழுத வேண்டிய வேலையை நாமே குறைத்துக் கொடுத்துவிட வேண்டும். டெல்லி வரை போக வேண்டியது என்றால் ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பையும் நீங்களே இணைத்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் எதிர்க்கேள்விக்கும் தயாராகுங்கள். டெல்லியில் முதலில் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: அம்ருத்தில் உங்கள் நகராட்சியின் பங்குத் தொகையை எங்கிருந்து கட்டினீர்கள்? ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊருக்கு அம்ருத் 2.0-இல் ஒன்றியப் பங்கு 50 சதவீதம். ஒன்று முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் நகராட்சியின் தலையிலும் கொஞ்சம் விழுகிறது. குடிநீருக்கென்று கட்டிவைத்த மானியம் கணக்கில் தூங்கும்போது, குடிநீர்த் திட்டப் பங்குக்குக் கடன் வாங்கினீர்களா, பொது நிதியிலிருந்து கொடுத்தீர்களா? இதற்கு நல்ல பதில் இல்லையென்றால் உங்கள் கோரிக்கையை அங்கேயே மடக்கிவிடுவார்கள். பதில் இருந்தால் அதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் வழக்கமாக அனுப்பும் படிவங்கள். உங்கள் கருத்து டெல்லிக்குப் போகும் முதன்மையான வழி கடிதமே அல்ல, இந்தப் படிவங்கள்தான். முன்னேற்ற அறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ், நகராட்சிக் கணக்குகளுக்கான ஒன்றிய அரசின் சிட்டிஃபைனான்ஸ் இணையதளத்தில் ஏற்றும் தணிக்கை செய்த கணக்கு, எல்லாம் அங்கே சேர்கின்றன. அறிக்கைப் படிவத்தின் கடைசியில் "குறிப்புரை" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நம் ஊர்களில் என்ன எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்: "பணி முன்னேற்றத்தில் உள்ளது." போன மாதம் இருந்ததை இந்த மாதமும் நகலெடுத்து ஒட்டியிருப்பார் இளநிலை உதவியாளர். செலவாகாத தொகை ஒரு பக்கம், "முன்னேற்றத்தில் உள்ளது" மறுபக்கம். இதைத் தொகுத்துப் பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? இந்த நகராட்சிக்குப் பணம் தேவையில்லை, அல்லது செலவழிக்கத் தெரியவில்லை. நீங்கள் கடிதத்தில் எழுதியதற்கு நேர் எதிரான சாட்சியத்தை உங்கள் அலுவலகமே மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். "அனுமதிக்கத்தக்க பணி எஞ்சியில்லை, காண்க: … தேதியிட்ட கடிதம்" என்று ஒரே வரி போதும்.

தணிக்கைத் தடைக்கு, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபத்துக்கு, எழுதும் பதிலும் அப்படித்தான். செலவாகாத நிதியைப் பற்றித் தணிக்கையாளர் கேட்டால், அந்த ஆட்சேபத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் "வரும் காலங்களில் தவிர்க்கப்படும்" என்று எழுதிவிடுகிறோம். நகராட்சிகளுக்கு அரசமைப்பு அந்தஸ்து தந்த 74-வது அரசமைப்புத் திருத்தம் 18 மாநிலங்களில் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை ஆராய்ந்து, நகர உள்ளாட்சிகளின் நிதிப் பற்றாக்குறையையும் காலிப் பணியிடங்களையும் ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. அந்த மாதிரி அறிக்கைகளுக்கு மூலப்பொருள் ஆணையர்கள் கொடுக்கும் பதில்கள்தான். காரணத்தை ஒழுங்காக எழுதினால் அது அச்சாகிச் சட்டமன்றம் வரை போகும்.

சரி, தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சிக்கு அரசியல் குரல் கொடுக்க உரிமை பெற்றவர் அவர்தான், நீங்கள் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு வந்த மன்றம் எம்.பி.யிடம் முறையிடுவதில் தவறே கிடையாது. நீங்கள் எம்.பி. அலுவலகத்துக்குத் தனியாகப் போன் போட்டால்தான் தவறு. ஆகவே அவரைத் தடுக்காதீர்கள், வெறுங்கையோடும் அனுப்பாதீர்கள். மன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அலுவலகக் குறிப்பு நீங்கள் எழுதுவது. அதில் மேலே சொன்ன கணக்கெல்லாம் இருக்கட்டும். தீர்மானம் நிறைவேறிவிட்டால் அது நகராட்சியின் கருத்து. அதன் நகலைத் தலைவர் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், நீங்களும் உரிய வழியாக மண்டலத்துக்கு அனுப்பலாம். யாரும் உங்களைக் கேட்க முடியாது.

நாடாளுமன்றத்தில் பேச வைப்பது என்றால் முழக்கத்தைவிட ஒரு கேள்வி மேல். "எத்தனை நகராட்சிகளில் நிபந்தனை மானியம் செலவாகாமல் இருக்கிறது, காரணம் என்ன" என்று ஓர் எழுத்துப்பூர்வக் கேள்வி போட்டால், அமைச்சகம் மாநிலங்களிடம் தகவல் கேட்டே ஆக வேண்டும். அப்புறம் அது "மிக அவசரம் – நாடாளுமன்ற வினா" என்று மாலை நான்கு மணிக்கு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும், ஐந்து மணிக்குள் பதில் கேட்டு. சிரித்துக்கொண்டே அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் முன்பாகவே உங்களுக்கு ஒரு மேடை இருக்கிறது, நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. திஷா என்று சொல்கிற மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. 2016-இல் வந்தது. தலைமை உங்கள் தொகுதி எம்.பி., உறுப்பினர் செயலர் ஆட்சியர், காலாண்டுக்கு ஒரு கூட்டம். அம்ருத்தும் தூய்மை இந்தியாவும் அதன் வரம்பில் வருகின்றன. எம்.பி.யும் ஆட்சியரும் நீங்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, நீங்கள் பேசுவது விதிமீறல் ஆகாத இடம் அது. பெரும்பாலான ஆணையர்கள் அங்கே சதவீதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், அல்லது நகராட்சிப் பொறியாளரை அனுப்பிவிடுகிறார்கள். நீங்களே போங்கள். ஆட்சியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இந்த ஒரு விஷயத்தை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறாத பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

அமைச்சகம் நடத்தும் காணொலிக் கூட்டத்தில் பேசலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த ஆசை யாருக்கும் வரும். அழைத்தால் பேசுங்கள். ஆனால் என்ன பேசப் போகிறீர்கள் என்று முதல் நாளே இயக்குநர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். டெல்லிக்கு முன்னால் தன் ஆணையர் வாயிலிருந்து முதன்முறையாக ஒரு குறையைக் கேட்பதை எந்த இயக்குநரும் ரசிக்க மாட்டார். அதன் விளைவை நீங்கள் அடுத்த இடமாறுதல் பட்டியலில் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, காலம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான். ஒரு நிபந்தனை உங்கள் கவுன்ட்டருக்கு வந்து சேரும்போது அதைப் பற்றிப் பேசும் நேரம் முடிந்து வருடங்கள் ஆகியிருக்கும். சொத்துவரியை நினைத்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் 25 முதல் 150 சதவீதம் வரை வரி உயர்ந்தபோது நம் அலுவலகங்களில் என்ன கூச்சல்! மானியம் வேண்டுமானால் சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்க வேண்டும், மாநில வளர்ச்சிக்கேற்ப வசூலும் கூட வேண்டும் என்பது 15-வது நிதிக்குழு போட்ட நிபந்தனை. அந்த அறிக்கை 2021 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டுவிட்டது. நம் ஊரின் நிலையைச் சொல்லியிருக்க வேண்டிய காலம் அதற்கும் முன்பு, அந்தக் குழு மாநிலம் மாநிலமாகச் சுற்றிவந்தபோது.

அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16-வது நிதிக்குழு 2024 நவம்பரில் சென்னை வந்தது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் சந்தித்தது. அது தன் அறிக்கையை 2025 நவம்பரில் கொடுத்துவிட்டது. அதன் காலம் 2026 முதல் 2031 வரை. ஆக, அந்தக் கதவு மூடியாயிற்று. இந்த ஐந்தாண்டுக்கு நீங்கள் பேசக்கூடியது செயல்பாட்டு வழிகாட்டுதலைப் பற்றி மட்டும்தான். நிபந்தனையை மாற்ற முடியாது. எந்தப் பணி அதில் அடங்கும் என்ற பட்டியலை விரிக்க முடியும். அதையே கேளுங்கள்.

திறந்திருக்கும் பெரிய கதவு, மாநில வருவாயில் உள்ளாட்சிகளின் பங்கைப் பரிந்துரைக்கும் மாநில நிதிக்குழு. அரசமைப்பின் 280-வது பிரிவைப் படித்தால், நகராட்சிகளின் நிதியாதாரத்தைப் பெருக்க ஒன்றிய நிதிக்குழு சொல்லும் பரிந்துரைகள், மாநில நிதிக்குழுவின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மாநில நிதிக்குழு உங்களுக்கு நீண்ட வினாப்பட்டியல் அனுப்பும். அதைக் கணக்குப் பிரிவில் யாரிடமாவது தள்ளிவிட்டு, கடைசித் தேதியில் கையெழுத்துப் போடுவதுதான் நம் பழக்கம். உங்கள் விரிவாக்கப் பகுதிக் குறை உண்மையில் அங்கேதான் தீர வேண்டும். 15-வது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்கிடையே 90 சதவீதம் மக்கள்தொகை, 10 சதவீதம் பரப்பளவு என்று பிரித்தது. மக்கள்தொகைக்கு எடுத்துக்கொண்டது 2011 கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. மாநிலத்துக்குள் எந்த நகராட்சிக்கு எவ்வளவு என்று சொல்வது மாநில நிதிக்குழு. 2011-க்குப் பிறகு உங்களோடு சேர்ந்த ஊராட்சிகள் எவை, புதிய குடிநீர் இணைப்புகள் எத்தனை, சொத்துவரி விதிப்புகள் எத்தனை கூடின என்று ஒரு தாளில் போட்டு அந்த வினாப்பட்டியலோடு இணையுங்கள். கேட்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஒன்றிய நிதிக்குழு, வழக்கப்படி பார்த்தால், 2029 வாக்கில் வேலையைத் தொடங்கும். உங்கள் தாள் அதற்குள், அந்தக் குழுவுக்கு நம் அரசு கொடுக்கும் மனுவில் ஏறியிருக்க வேண்டும்.

வரைவு விதிகள் வரும்போது மட்டும் நிலைமை வேறு. திடக்கழிவு மேலாண்மை விதிகளின் வரைவை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்டு 60 நாளில் கருத்துக் கேட்டது. குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும் என்றால் வண்டியில் எத்தனை தடுப்பு வேண்டும், எத்தனை நடை கூடும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படிக் கேட்கும்போது நகராட்சி பதில் சொல்வதில் வழி தவறிய குற்றம் வராது. நகலை இயக்குநருக்கு அனுப்பிவிடுங்கள். சட்ட வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014 முதல் ஒன்றிய அரசின் கொள்கையே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் மன்றம் கூடுவதற்குள் நாள் போய்விடும். தலைவரின் ஒப்புதலில் அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியாக நிற்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற நாடுகளில் இதற்கென்றே நகர நிர்வாகிகளின் தொழில்சார் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் அப்படியொரு அமைப்பு 1914-இலேயே தொடங்கி, 1924-இல் தனக்கென நெறிமுறையும் வகுத்துக்கொண்டது. கட்சி அரசியலில் ஒதுங்கியிரு, நிர்வாக அனுபவத்தைத் தயங்காமல் சொல் என்பது அதன் சாரம். நம் நாட்டில் குஜராத்தில் 1997-இல் நகர மேலாளர்கள் சங்கம் பதிவாயிற்று, அதைப் பார்த்து வேறு மாநிலங்களிலும் முயன்றார்கள். நம்முடைய சங்கங்கள் பதவி உயர்வையும் இடமாறுதலையும் தாண்டி யோசிப்பது குறைவு. தப்பு என்று சொல்லவில்லை, அதுவும் தேவைதான். ஆனால் மண்டல ஆய்வுக் கூட்டத்துக்கு வரும் ஐந்தாறு ஆணையர்கள் ஒரே அட்டவணையில் தங்கள் செலவாகாத மானியத்தை எழுதிக் கொடுத்தால், மண்டல இயக்குநர் அதைத் தன் கருத்துருவாகவே அனுப்புவார். ஒருவர் எழுதினால் புலம்பல் என்று கோப்பில் போடுவார்கள். ஆறு பேர் எழுதினால் அதை மண்டலத்தின் நிலவரம் என்று மேலே சொல்லியாக வேண்டும். மேலே நான் கொடுத்த மாதிரிக் கடிதத்தில் இணைப்பு 2 என்று போட்டது இதற்காகத்தான்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு முன்னால் பக்கத்து நகராட்சி ஆணையர்களிடம் பேசிவிடுங்கள். அந்த நான்கு தாள்களையும் படித்த பிறகு, தடை டெல்லியில் இல்லை, சென்னைச் சுற்றறிக்கையில்தான் இருக்கிறது என்று தெரிந்தால் மன்றத் தீர்மானமோ எம்.பி.யோ வேண்டாம். சுற்றறிக்கையின் எண்ணையும் தேதியையும் குறித்து எனக்கு இன்னொரு முறை எழுதுங்கள். அதற்கு இயக்குநருக்கு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்க வேண்டும்.